பயிர்க்கடனும் பட்டாவும்: தலித் உழவர் எந்த இடத்தில் தடுக்கப்படுகிறார்?

கிசான் கடன் அட்டைத் திட்டத்தின் தகுதிப் பட்டியலை முதன்முறையாகப் படிப்பவருக்கு ஒரு வியப்பு ஏற்படும். சொந்த நிலத்தில் பயிரிடுவோருடன் குத்தகை உழவர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிர் செய்வோர், கூட்டுப் பொறுப்புக் குழுக்கள் ஆகிய அனைவரும் அதில் இடம்பெற்றுள்ளனர். அந்தப் பட்டியலை நம்பித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வாசலுக்குச் செல்லும் தலித் குத்தகை உழவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சிட்டா, அடங்கல் யார் பெயரில் இருக்கிறது?" என்பதுதான். இக்கேள்விக்கு விடை இல்லாதவரின் விண்ணப்பம் பெரும்பாலும் நிராகரிக்கப்படுவது கூட இல்லை. அது வாங்கப்படுவதே இல்லை. நிராகரிப்பு நிகழாததால் ஆவணமும் இல்லை, ஆவணம் இல்லாததால் மேல்முறையீடும் இல்லை.

வேளாண் கடனில் சாதியப் பாகுபாடு குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒதுக்கீட்டுத் தொகைகளையும் தள்ளுபடி அறிவிப்புகளையும் பற்றியே விவாதிக்கிறோம். தடை உண்மையில் நிகழுமிடம் அதற்கு மிகவும் கீழே, கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்துக்கும் சங்கச் செயலாளரின் மேசைக்கும் இடையே உள்ளது. அந்த இடைவெளி எவ்வாறு உருவானது, அதில் சட்டம் எங்கே துணை நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்பவற்றைக் களப்பணியாளருக்கும் மாணவருக்கும் பயன்படும் வகையில் இக்கட்டுரை தொகுக்க முயல்கிறது. தமிழ்நாட்டு நிலைமையே இதன் மையம்.

கடனும் நம்பிக்கையும்

கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904ஆம் ஆண்டு வந்தது. அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் வேளாண் கடனுக்கான கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்திய அளவிலேயே இத்தகைய சங்கங்களுள் முதலாவதாக அது கூறப்படுகிறது. அரை நூற்றாண்டுக்குப் பின் 1951-52இல் நடத்தப்பட்ட அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே எனக் கண்டறிந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி வட்டிக்குக் கொடுப்போரின் கையில் இருந்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும், 1975இல் வட்டார ஊரக வங்கிகள் வந்ததும், 1982இல் நபார்டு நிறுவப்பட்டதும், 1998இல் கிசான் கடன் அட்டை அறிமுகமானதும் அந்த நிலையை மாற்றுவதற்காகவே.

இந்த வரலாற்றில் பாடநூல்கள் கடந்து செல்லும் ஒரு கூறு உண்டு. ஒரே ஊரில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள், ஆகவே கடன் திரும்பிவிடும் என்பது கூட்டுறவின் அடிப்படை எண்ணம். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் இந்த அறிமுகமும் பிணையும் தெருவைத் தாண்டுவதில்லை. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இன்று பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால், யாருக்கு எவ்வளவு கடன் என்பது குழுக் கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் முடிவாகிவிடுவதைக் கிராமங்களில் பணியாற்றும் எவரும் அறிவர்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் முன்வைத்த திட்டம் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. நிலம் அரசின் உடைமையாக வேண்டும், கூட்டுப் பண்ணையாகச் சாதி வேறுபாடின்றி ஊராருக்குக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. நீர், உழவு மாடு, கருவி, எரு, விதை ஆகியவற்றை வழங்கிச் சாகுபடிக்கு நிதியளிக்கும் கடமையும் அரசுக்கு உண்டு என்றார். நிலமும் மூலதனமும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என அவர் கண்டிருந்தார். பிற்காலத்தில் வகுக்கப்பட்ட கடன் கொள்கையோ நிலம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கே மூலதனத்தைக் கொண்டுசேர்த்தது.

இலக்குக் கணக்கில் தலித் எங்கே?

வங்கிகள் தம் கடனில் ஒரு பகுதியை முன்னுரிமைத் துறைக்கு வழங்க வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. வணிக வங்கிகளுக்கான மொத்த இலக்கு 40 விழுக்காடு. அதற்குள் வேளாண்மைக்கு 18 விழுக்காடு, சிறு மற்றும் குறு உழவருக்கு 10 விழுக்காடு, 'பலவீனமான பிரிவினர்' எனப்படுவோருக்கு 12 விழுக்காடு. (இந்தச் சொல்லின் மீது எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. வலுவிழக்கச் செய்யப்பட்டவர்களைப் பலவீனர் என்று அழைப்பது அரசின் பழைய வழக்கம்.)

மாணவர்கள் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணைத்தான். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இந்த 12 விழுக்காட்டுப் பிரிவில் அடங்குவர். ஆனால் அதே பிரிவில் எல்லாச் சாதிகளையும் சேர்ந்த சிறு, குறு உழவர்களும் அடங்குவர். சுய உதவிக் குழுக்கள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், கைவினைஞர் ஆகியோரும் அடங்குவர். சிறு, குறு உழவருக்கான 10 விழுக்காட்டை ஒரு வங்கி எட்டிவிட்டால், பலவீனப் பிரிவு இலக்கில் ஆறில் ஐந்து பங்கு தானாகவே நிறைவேறிவிடுகிறது. மீதியைச் சுய உதவிக் குழுக் கடனும் நகைக்கடன் வாங்கும் குறு உழவரும் நிரப்பிவிடலாம். ஒரு தலித் உழவருக்குக்கூட ஒரு ரூபாய் வழங்காமல் ஒரு வங்கி தன் இலக்கைக் கணக்கில் முழுமையாகக் காட்ட இந்த அமைப்பு இடமளிக்கிறது. பட்டியல் சாதியினருக்கென உள் இலக்கு எதுவும் இல்லை. வேளாண் இலக்கில் குறைவு ஏற்பட்டால் அத்தொகை 1995-96 முதல் நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதிக்குச் செல்கிறது. சாலையும் பாலமும் வேண்டியவைதான். ஆனால் சேரி உழவருக்குக் கடனாகச் சென்றிருக்க வேண்டிய தொகை அவர் பெயரில் ஒருபோதும் பதிவாவதில்லை.

இதனை நில அளவுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் அவர்களின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு, பரப்பளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. உழைக்கும் பட்டியல் சாதி மக்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். சாகுபடியாளர் என 2011 கணக்கெடுப்பில் பதிவானவர்கள் 15 விழுக்காடு அளவே. இந்தக் கூலிகளில் ஒரு பகுதியினர் கூலி வேலையோடு அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுகின்றனர். கணக்கெடுப்பு அவர்களைக் கூலி என்கிறது. கடன் விதி அவர்களை உழவர் என்கிறது. சங்கம் அவர்களை யாரென்றே கேட்பதில்லை.

வாசலுக்கு வெளியே நிற்பதன் விலை

நிறுவனக் கடன் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வேறுபாட்டைப் பணத்தில் சொன்னால் எளிதில் விளங்கும். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. தவணைக்குள் திருப்பிச் செலுத்தினால் 3 விழுக்காடு ஊக்கத்தொகை கழிந்து 4 விழுக்காடாகிறது. இந்த உச்சவரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய காலத்தில் செலுத்துவோருக்கு அந்த 4 விழுக்காட்டையும் மாநில அரசே ஏற்கிறது. அதாவது பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை.

இப்போது வெளியே நிற்பவரைப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்பது கிராமத்தில் கொடுமையான வட்டியாகக் கருதப்படுவதில்லை. 50,000 ரூபாய் வாங்கி ஆறு மாதம் கழித்து நெல் விற்றுத் திருப்பினால் வட்டி மட்டும் 9,000 ரூபாய். ஐந்து ரூபாய் வட்டி என்றால் 15,000. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் இரண்டு வயல்களில், பட்டா உள்ளவருக்குக் கடனின் விலை சுழியம். அவரிடமே குத்தகைக்கு நிலம் எடுத்தவருக்கு 9,000. வட்டிக்குக் கொடுப்பவரே நிலவுடைமையாளராகவும் இருந்துவிட்டால் அறுவடையை யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்பதும் அவர் சொல்படியே.

2013இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 70ஆம் சுற்று இதை நில அளவு வாரியாகக் காட்டியது. 0.01 ஹெக்டேருக்கும் குறைவான நிலமுள்ள வேளாண் குடும்பங்களின் நிலுவைக் கடனில் 15 விழுக்காடு மட்டுமே வங்கி, கூட்டுறவு, அரசு ஆகியவற்றிடமிருந்து பெற்றது. 10 ஹெக்டேருக்கு மேல் உள்ளவர்களிடம் அது 79 விழுக்காடு.

அடங்கல் என்னும் வாசற்படி

தமிழ்நாட்டில் பயிர்க்கடன் விண்ணப்பத்துடன் கேட்கப்படுபவை சிட்டாவும் அடங்கலும். சிட்டா நிலம் யாருடையது என்பதைச் சொல்கிறது. அடங்கல், கிராமக் கணக்கு எண் 2, அந்தப் பசலியில் அந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்பனை ஆகிய மூன்றுக்கும் இதே தாள் தேவைப்படுகிறது. நடைமுறையில் அடங்கல் பட்டாதாரர் பெயரிலேயே வழங்கப்படுகிறது. குத்தகை உழவர் பெயரில் சான்று தர வேண்டுமானால் நிலவுடைமையாளரின் ஒப்புதலைக் கொண்டுவருமாறு கிராம நிர்வாக அலுவலர் கேட்கிறார். ஒப்புதல் தந்தால் குத்தகை எழுத்தில் பதிவாகிவிடும் என்ற அச்சத்தால் உடைமையாளர் தர மறுக்கிறார்.

அந்த அச்சத்துக்குக் காரணமான சட்டங்களே உழவருக்கான கருவிகளும் ஆகும். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், காரணமின்றி வெளியேற்றப்படுவதிலிருந்து காக்கிறது. தம் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உடலுழைப்பையோ நிலத்தில் செலுத்துபவரே அச்சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரர். ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நடத்தையிலிருந்து உய்த்துணரத்தக்க ஒப்பந்தமும் போதும். சேற்றில் இறங்காமல் குத்தகை எடுக்கும் தலித் உழவர் யாரும் இல்லையாதலால், இந்த வரையறை பெரிதும் நமக்குச் சாதகமானது. 1969ஆம் ஆண்டின் வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் அந்தக் குத்தகையை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. விண்ணப்பம் வருவாய்த் துறையின் பதிவு அலுவலரிடம் செல்லும். மேல்முறையீடும் சீராய்வும் அத்துறைக்குள்ளேயே. பதிவு அலுவலர் முடிவு செய்ய வேண்டிய பொருளில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சட்டப்பிரிவு 16-அ விலக்கி வைத்துள்ளது. இப்பதிவு உள்ளவர் அடங்கலுக்காக உடைமையாளரிடம் கையேந்தத் தேவையில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சேரியிலிருந்து விண்ணப்பங்கள் குறைவாகவே செல்கின்றன. காரணத்தை அறியாமை என்று சுருக்குவது தவறு. குத்தகைப் பதிவுக்கு மனு கொடுப்பது என்பது நில உடைமையாளருக்கு எதிராக ஒரு வழக்கைத் தொடங்குவதற்கு நிகர். அதே உடைமையாளரின் வயலில்தான் மனைவி களை எடுக்கிறார், அவரது கிணற்றிலிருந்துதான் நீர் வருகிறது, மகளின் திருமணத்துக்கு வாங்கிய பணம் அவரிடம்தான் நிலுவையில் உள்ளது. ஓராண்டுப் பயிர்க்கடனுக்காக இத்தனையையும் ஒரே நாளில் பணயம் வைக்குமாறு வெளியூரிலிருந்து சென்று அறிவுரை கூறும் உரிமை வழக்குரைஞர்களுக்கு இல்லை. தனித்தனி மனுவாக இல்லாமல், ஒரு கிராமத்தின் குத்தகை உழவர் அனைவரும் ஒரே நாளில் அளிக்கும் மனுக்களாக இருக்கும்போதுதான் இந்தச் சட்டம் உயிர் பெறுகிறது. அவ்வாறு அளிப்பதாயின் குத்தகை நெல் அளந்ததற்கான சீட்டு, உரக்கடை ரசீது, விதை வாங்கிய பதிவு, பக்கத்து வயல்காரரின் உறுதிமொழி ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டிக்கொள்ள வேண்டும்.

கோவில் நிலங்களில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. பதிவேட்டில் குத்தகைதாரராக ஊர்த்தெருக்காரர் ஒருவர் இருப்பார். உழுபவர் சேரியைச் சேர்ந்தவராக இருப்பார். கடனும் காப்பீட்டு இழப்பீடும் முதலாமவருக்குச் செல்லும்.

பட்டா இருந்தும் கடன் மறுக்கப்படும் மற்றொரு வகையினர் நிபந்தனைப் பட்டா பெற்றவர்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், சொல்லப்படும் அளவில் 12 லட்சம் ஏக்கர், இன்று பெருமளவு பிறர் கைகளில் உள்ளன. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்துக்காக ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். எஞ்சியிருக்கும் பஞ்சமி நிலத்திலும், பிற்காலத்தில் அரசு ஒப்படை செய்த நிலத்திலும் பயிரிடுவோரிடம், "இது விற்க முடியாத நிலம், அடமானமாக ஏற்க இயலாது" என்று வங்கிகள் கூறுகின்றன. இந்த விடைக்கு ரிசர்வ் வங்கியின் விதியில் இடமில்லை. பிணையில்லா வேளாண் கடனின் வரம்பு 2010இல் 1 லட்சமாகவும், 2019இல் 1.6 லட்சமாகவும், 2025 சனவரி 1 முதல் 2 லட்சமாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. அவ்வரம்புக்குள் நிலத்தை அடமானம் கேட்கவே கூடாது. விளையும் பயிரே போதுமான ஈடு. நிலத்தை விற்க முடியுமா என்ற கேள்வி இரண்டு லட்சம் வரையிலான கடனில் எழவே வேண்டியதில்லை.

தள்ளுபடியின் எல்லை

தள்ளுபடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008இல் ஒன்றிய அரசு ஏறத்தாழ 52,000 கோடி ரூபாய் வேளாண் கடனைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் 2016இல் சிறு, குறு உழவரின் கூட்டுறவுக் கடன் 5,780 கோடியும், 2021இல் 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடியும் தள்ளுபடி ஆயின. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு முன்நிபந்தனை, ஏற்கெனவே நிறுவனக் கடன் பெற்றிருக்க வேண்டும் என்பது. கந்துவட்டிக்கு வாங்கியவரின் கடன் இத்தள்ளுபடிகளில் அடங்கவில்லை. 2021இல் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோதுதான், நிலமில்லாத குடும்பங்களில் ஒரு பகுதிக்கு ஏதேனும் கிடைத்தது.

2016 தள்ளுபடியை ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 23 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வில் அந்த ஆணையை நீக்கியது. நில அளவின் அடிப்படையில் நலிந்த உழவரை மட்டும் தேர்ந்து உதவுவது சமத்துவத்துக்கு முரணன்று, அதுவே உண்மையான சமத்துவத்தை நோக்கியது என்பது தீர்ப்பின் சாரம். சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை அவசியம் படிக்க வேண்டும். ஐந்து ஏக்கருக்குக் கீழே கோடு போடுவதை நியாயப்படுத்தும் அதே வாதம், நிலமே இல்லாமல் பயிரிடுபவருக்குத் தனி ஏற்பாடு கோருவதற்கும் பொருந்தும். அந்தக் கோரிக்கையுடன் ஒரு வழக்கு முறையாகக் கட்டமைக்கப்பட வேண்டியுள்ளது.

தனி வாயில்கள்

1974இல் நிறுவப்பட்ட தாட்கோ, தலித் மக்களுக்கென மாநில அரசு திறந்த தனி வாயில். நிலமற்ற பெண் விவசாயத் தொழிலாளர் நிலம் வாங்குவதற்கான நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் நில மதிப்பில் 50 விழுக்காடு, உச்சமாக 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. பட்டியல் சாதியினர் அல்லாதவரிடமிருந்து வாங்க வேண்டும் என்ற நிபந்தனை, நிலம் சேரிக்குள்ளேயே கைமாறாமல் கூடுதலாக வந்து சேர வேண்டும் என்ற நல்ல நோக்கம் கொண்டது. ஆனால் தலித் பெண்ணுக்கு நிலம் விற்க முன்வரும் ஊர்த்தெருக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் அந்தப் பெண் தலையிலேயே விழுகிறது. தாட்கோவின் தொழில் திட்டங்களில் வேறொரு முடிச்சு: மானியம் வங்கிக் கடனுடன் இணைக்கப்பட்டுள்ளதால், வங்கிக் கிளை மேலாளர் ஒப்பினால்தான் அரசின் மானியமே வெளியே வரும்.

நிலமற்றோருக்குக் கடன் வழங்கும் மற்றொரு வழி கூட்டுப் பொறுப்புக் குழு. 4 முதல் 10 பேர் வரை சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறலாம். 2014-15 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் நிலமற்ற உழவரின் 5 லட்சம் குழுக்களுக்கு நபார்டு வழியாக நிதியளிப்பதாக அறிவிக்கப்பட்டது. உள்ளதில் எளிதான வழி இதுவே என்பது என் கருத்து. எனினும் வறுமையில் இருப்பவர்களையே ஒருவருக்கொருவர் பிணையாக்கும் ஏற்பாடு இது. ஒரு குடும்பத்தின் பயிர் அழிந்தால் மற்ற குடும்பங்களின் உலையும் அணையும்.

மறுப்பை எழுத்தில் பெறுவது

இனி நடைமுறை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான கடன் வசதிகள் குறித்து ரிசர்வ் வங்கி வெளியிட்டுவரும் முதன்மைச் சுற்றறிக்கை வணிக வங்கிகளைக் கட்டுப்படுத்தும். அதன்படி இப்பிரிவினரின் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் அதிகாரம் கிளைக்கு இல்லை. அதற்கு மேலுள்ள நிலையில்தான் நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கடன் வழங்குவோருக்கான நியாய நடைமுறை விதிகளின்படி விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும். இவ்விரண்டு விதிகளையும் அறிந்த கிளை மேலாளர், விண்ணப்பத்தை வாங்காமல் வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவதையே எளிய வழியாகக் கொள்கிறார். அதனால் வங்கிக்கு நேரில் செல்வதோடு நிறுத்தாமல் ஒப்புதலுடன் கூடிய பதிவு அஞ்சலிலும் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அஞ்சல் ஒப்புகை அட்டை வந்த நாளில் விண்ணப்பம் பிறக்கிறது.

குத்தகைச் சான்று இல்லாதவருக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் இன்னொரு வழியும் உண்டு. நிலமற்ற தொழிலாளர், வாரக் குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர் ஆகியோர் பயிரிடுவது குறித்து உள்ளாட்சி அமைப்போ உள்ளூர் நிர்வாகமோ தரும் சான்றை வங்கி ஏற்கலாம். அச்சான்று கிடைப்பதில் இடர்ப்பாடு இருந்தால் 50,000 ரூபாய் வரையிலான கடனுக்கு உழவரின் உறுதிமொழிப் பத்திரத்தையே ஏற்கலாம். 'ஏற்கலாம்' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. அது 'ஏற்க வேண்டும்' என்று இருந்திருந்தால் இக்கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது. ஆயினும் விருப்புரிமை கொண்ட ஓர் அதிகாரத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் இருப்பது தன்னிச்சையானது என்று பொதுத்துறை வங்கிக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் வாதிட இடமுண்டு.

வங்கி பதிலளிக்காமல் 30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இங்கே முறையீட்டை எழுதும் விதமே அதன் விதியைத் தீர்மானிக்கிறது. "கடன் தர மறுத்தார்கள்" என்று எழுதினால், வங்கியின் வணிக முடிவு எனக் கூறி அது தள்ளப்படும். வணிக முடிவுகள் அத்திட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளன. "ஒப்புகை தரவில்லை, எழுத்தில் காரணம் தரவில்லை, பட்டியல் சாதி விண்ணப்பத்தை மேல்நிலைக்கு அனுப்பாமல் கிளையிலேயே மறுத்தனர்" என்று எழுதினால் அது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலை மீறிய சேவைக் குறைபாடு.

தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் மேற்கண்ட சுற்றறிக்கைக்கும் குறைதீர்ப்பாளருக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றுக்கு 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் பதிவாளர் அமைப்பும்தான். சங்கத்தில் உறுப்பினராகாமல் கடன் இல்லை. ஆகவே உறுப்பினர் விண்ணப்பத்தையே முதலில் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் சங்கங்களுக்குப் பொருந்தாது என்ற பதில் அடிக்கடி வரும். தலப்பளம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சங்கங்கள் பொதுவாகப் பொது அதிகார அமைப்புகள் அல்ல என்றது உண்மைதான். ஆனால் பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறத்தக்க தகவலைக் குடிமகனுக்குத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. எனவே மனுவைச் சங்கச் செயலாளருக்கு எழுதாமல் துணைப் பதிவாளருக்கோ இணைப் பதிவாளருக்கோ எழுத வேண்டும். தனிநபர் பெயர்களைக் கேட்காமல், கடந்த ஐந்து ஆண்டுகளில் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றோரின் மொத்த எண்ணிக்கை, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், குத்தகை உழவர் எத்தனை பேர், ஒவ்வொரு பிரிவுக்கும் சென்ற தொகை எவ்வளவு என்று கேட்டால், அந்தரங்கம் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க இயலாது. கல்லூரி மாணவர்கள் தம் சொந்த வட்டாரத்தில் இந்த ஒரு மனுவை அனுப்பினாலே, இன்று எங்கும் இல்லாத ஒரு தரவு உருவாகத் தொடங்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இங்கே பயன்படுத்த முடியுமா என்று பலர் கேட்கின்றனர். பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாகப் பிடிப்பதும் பயிரிடுவதும், நிலம், நீர், பாசன வசதி ஆகியவற்றின் மீதான உரிமையில் குறுக்கிடுவதும், பயிரை அழிப்பதும் 2015 திருத்தத்துக்குப் பின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவற்றின்கீழ் குற்றங்கள். குத்தகைப் பதிவு கோரியதற்காக வயலிலிருந்து துரத்தப்பட்டால் இவை பொருந்தும். கடன் மறுப்பு மட்டும் என்றால், பொருளாதாரப் புறக்கணிப்பின் வரையறையில் சேவைகளை மறுப்பதும் அடங்குகிறது என்று வாதிடலாம். ஆனால் சாதியே காரணம் என்பதை மெய்ப்பிக்க ஆவணம் வேண்டும். ஒப்புகை அட்டையும் எழுத்து மறுப்பும் இல்லாமல் இவ்வழக்கைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து வரும் பதிவேடு

ஆந்திரப் பிரதேசம் 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் இயற்றிக் குத்தகை உழவருக்குக் கடன் தகுதி அட்டை வழங்கியது. அதற்கு உடைமையாளரின் ஒப்புதல் தேவைப்படவில்லை. 2019இல் அதற்கு மாற்றாக வந்த பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் 11 மாத ஒப்பந்தத்தையும் உடைமையாளரின் கையொப்பத்தையும் கட்டாயமாக்கியது. கையொப்பம் கிடைக்காதவர்கள் மீண்டும் வெளியே நின்றனர். தமிழ்நாட்டில் இத்தகைய சட்டம் கோரும் இயக்கங்கள் 2011 வடிவத்தையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்கு இப்போது அவசரம் கூடியுள்ளது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் எண்ணிம வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி உழவர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது; தமிழ்நாட்டிலும் பதிவு நடைபெறுகிறது. இந்த எண் நில ஆவணத்துடன் இணைக்கப்படுகிறது. பிரதமர் கிசான் உதவித்தொகை தொடக்கத்திலிருந்தே நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமேயானது. அதே அளவுகோல் அடையாள எண் வழியாகக் கடன், காப்பீடு, கொள்முதல் அனைத்துக்கும் பரவினால், இதுவரை ஒரு செயலாளரின் மேசையில் நிகழ்ந்த விலக்கம் கணினித் திரையிலேயே முடிந்துவிடும். வாதிடுவதற்கு எதிரே ஆள்கூட இருக்க மாட்டார்.

உள்ளாட்சி அமைப்பின் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்ற விதி இன்னும் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி எல்லைக்குள் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோரின் பெயர், சர்வே எண், பயிர், பரப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தீர்மானமாக நிறைவேற்றக் கோரி அச்சபையில் மனு அளிக்கலாம். மனு ஏற்கப்படாவிட்டால், ஏற்கப்படவில்லை என்பதையே நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுமாறு கோர வேண்டும். அதன் நகலை ஊராட்சிச் செயலரிடம் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ள வேண்டும்.